பருவச் சொல்லும் பெரியபிள்ளையான கழுதையும்

இன்றைக்குக் காலையில் சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. குசினிக்குள் நின்று தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தேன். வெளியில் டிக் டிக் என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் இருக்கிற கம்பி வேலியில் உன்னுடைய நீல நிற உடுப்புக் கிளிப் காற்றுக்கு அடித்துக்கொண்டு கிடக்கிறது. வெயிலில் வெளிறி, வாய் ஒரு பக்கம் உடைந்துபோய்விட்டது. ஆனாலும் கம்பியை விடாமல் கடித்துக்கொண்டிருக்கிறது, உன்னைப் போலத்தான். அதன் வாயில் தாள் இல்லை என்று தூரத்திலேயே தெரிந்தது. தெரிந்துகொண்டும் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதி, அந்தக் கிளிப்பில் கொழுவிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல நீ முற்றம் கூட்டுவாய். நான் அதை எடுத்து வாசித்துவிட்டு, ஒன்றும் வாசிக்காதவள் போல உள்ளே போவேன். இந்த வயதில் இரண்டு கிழவிகளுக்கு இது என்ன விளையாட்டு என்று ஊர் கேட்டது. ஊருக்கு என்ன விளங்கும்?

எனக்கு மறதி வராது. "உனக்கு மண்டைக்குள்ள இருக்கிறது மூளை இல்லையடி, அலுமாரி. வைச்சது வைச்ச இடத்தில கிடக்கும்" என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்த அலுமாரியைத் திறந்துதான் இதை எழுதுகிறேன். என்னுடைய ஐந்தாம் வகுப்பு எழுத்தைப் பார்த்து மேலே இருந்து சிரிக்காதே. உன்னுடையதும் அதே ஐந்தாம் வகுப்புத்தான்.

ஒரே வாங்கில் இருந்து படித்தோம். பிறகு ஒரே பந்தலில் கருவாடு காயப்போட்டோம். ஒரே ஒழுங்கையில் கல்யாணம் கட்டி வந்தோம். என் மூத்தவள் பிறந்தபோது எனக்கு முதல் அவளைக் கையில் ஏந்தியவள் நீ. "இவள் வயசுக்கு வந்து பெரியபிள்ளையானால் சாமத்தியச் சடங்குக்கு முதல் தட்டு நான்தான் தூக்குவன். உன்ர மச்சாள்மார் எல்லாம் எனக்குப் பின்னால வரட்டும்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நின்று சொன்னாய். நான் அதைக் கேட்டு அலுமாரியில் வைத்துவிட்டேன்.

பெட்டை பெரியபிள்ளையான வருசம் உன் மனுசன் கடலோடு போய்ச் சில மாதம்தான் ஆகியிருந்தது. நீ சிரித்து எவ்வளவு காலம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன்னை இன்னும் கூடுதலாக எதிர்பார்த்தேன். பந்தல் போட்டு, நிறைகுடம் வைத்து, தட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தோம். முதல் தட்டு பயத்தம் பணியாரம். அதை ஒருவரையும் தொட விடாமல் நான் காவல் நின்றேன். நீ வரவில்லை. உன் வீட்டு யன்னல் சீலை விலகவில்லை. "எங்க உன்ர சிநேகிதி?" என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். கடைசியில் என் மூத்த மச்சாள் அந்தத் தட்டைத் தூக்கினாள். தூக்கும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது.

அடுத்த நாள் வேலியடியில் வந்து, "பெட்டை எப்படியடி?" என்று கேட்டாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்னொரு தரம் கேட்டாய். நான் முதுகைக் காட்டினேன். நீ மட்டும் லேசுப்பட்டவளா? நீயும் திருப்பிக்கொண்டாய். அன்றோடு கதைபேச்சு நின்றது.

நின்றது என்றால் அப்படி ஒரு நிற்பு. நாட்டுச் சண்டைக் காலத்தில் ஒரே வள்ளத்தில் அகதியாக ராமேஸ்வரம் போனோமே, அப்போதும் கதைக்கவில்லை. அலை எழும்பி அடிக்க, நீ என் மகளின் தலையை உன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவளிடம் சொன்னாய்: "உன்ர கொம்மாட்டச் சொல்லு, தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கச் சொல்லி." நான் அவளிடம் சொன்னேன்: "எனக்குத் தெரியும் எண்டு சொல்லு." பெட்டை பயத்தில் அழுதுகொண்டே இரண்டு பக்கமும் செய்தி சொன்னாள். முகாமிலும் பக்கத்துப் பக்கத்துக் குடில். திரும்பி ஊருக்கு வந்தும் அதே வளவு, அதே வேலி. இவ்வளவு பெரிய உலகத்தில் எங்கே போனாலும் நீ எனக்குப் பக்கத்தில்தான். நான் உன்னோடு கோபம். வசதியாகத்தான் இருந்தது.

சொல்ல வேண்டியதைக் கோழிக்குச் சொல்வோம். "ஏய் கோழி, நாளைக்குத் தண்ணி வராதாம், இண்டைக்கே பிடிச்சு வை!" என்று நீ கத்துவாய். என் வீட்டில் வாளிகள் நிரம்பும். "ஏய் கோழி, உனக்கு இருமல் கூடிப்போச்சு, ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன?" என்று நான் கத்துவேன். நீ அடுத்த நாள் பஸ் ஏறுவாய். இரண்டு வளவுக் கோழிகளுக்கும் தெரியாத சங்கதி இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் மாதா கோயில் மண்டபத்தில் புதன்கிழமைகளில் முதியோர் கூட்டம் தொடங்கினார்கள். தேத்தண்ணியும் பணிசும் தருவார்கள் என்று நான் போனேன். நான் போனேன் என்று நீ வந்தாய். கதிரை வரிசையில் நீ அந்தத் தொங்கல், நான் இந்தத் தொங்கல். ஒரு இளம் சிஸ்டர் வந்து யப்பான் நாட்டுக் கவிதை பழக்கப்போகிறேன் என்று சொன்னா. ஹைக்கு என்று பெயர். மூன்றே மூன்று வரி. அசையை ஐந்து, ஏழு, ஐந்து என்று எண்ண வேண்டும். பகிடி, நக்கல் வேண்டாம். யாரையும் திட்டக்கூடாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் அந்த ஒரு சொல்லைப் போட்டா.

"முக்கியமா ஒவ்வொரு கவிதையிலயும் ஒரு பருவச் சொல் இருக்கவேணும். பருவம் வராட்டி அது ஹைக்கு இல்லை."

மண்டபத்தில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முன்னுக்கு இருந்த கிழவர், ஒரு காலத்தில் பெரிய சம்மாட்டி, நாலு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், மெல்லக் கையைத் தூக்கினார்.

"சிஸ்டர், எனக்கு எல்லாம் ஆம்பிளைப் பிள்ளையள். நான் என்ன செய்ய?"

"அதுக்கென்ன ஐயா? பருவம் எல்லாருக்கும் பொதுதானே. சுத்திவரப் பாருங்கோ, எல்லாத்திலயும் பருவம் வரும்."

"எனக்குமோ?" என்றார் அவர். நான் சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்தேன். அந்தத் தொங்கலில் நீயும் கடித்துக்கொண்டிருந்தாய். பல வருசத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே சிரிப்பை அடக்கினோம். நான் அதைக் கண்டேன். நீ கண்டதையும் கண்டேன்.

அடுத்த புதன் எல்லோரும் எழுதிக்கொண்டு வந்தார்கள். சம்மாட்டிக் கிழவர் எழும்பி வாசித்தார்:

என் கோழி முதல் முட்டை இட்டது.
சடங்கு வைக்கவில்லை.
பொரித்துச் சாப்பிட்டோம்.

சிஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்தது நீ. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, பூசையில் நிருபம் வாசிக்கிற குரலில் வாசித்தாய்:

தோட்டவெளிச் சந்தியில்
கழுதை பெரியபிள்ளையானது.
பஸ் எல்லாம் நின்று வழிவிட்டது.

மண்டபம் இடிந்து விழுந்தது போல ஒரு சிரிப்பு. நான் மட்டும் சிரிக்கவில்லை. என் முறை அடுத்தது. நான் எழுதிக்கொண்டு வந்தது வேறு மாதிரி. பருவம் கட்டாயம் வேண்டும் என்று சிஸ்டர் சொன்னால், எனக்குத் தெரிந்த பருவம் ஒன்றே ஒன்றுதானே.

என் மகள் பெரியபிள்ளையானாள்.
ஊர் முழுக்க வந்தது.
வேலிக்கு அங்கால் சத்தம் இல்லை.

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. ஊருக்குத் தெரியும். நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். துடைத்துக்கொண்டே இருந்தாய்.

சிஸ்டருக்கு அன்றைக்குத்தான் விசயம் பிடிபட்டது. வெட்கப்பட்டு, சிரித்து, கரும்பலகையில் எழுதி விளங்கப்படுத்தினா. பருவம் என்றால் காலமாம். வசந்த காலம், கோடை காலம், இலையுதிர் காலம், பனிக் காலம். நீ எழும்பினாய்.

"சிஸ்டர், யப்பான்காரருக்குக் காலம் நாலு. எங்களுக்குக் காத்து ரெண்டு. சோளகம் அடிச்சால் மண் பறக்கும், வாடை அடிச்சால் மழை. இதுக்குள்ள இலை எங்க உதிருறது? பனையில ஓலை விழுந்தால் தலையிலதான் விழும். அவையள் தங்கட பாட்டில எழுதட்டும். எங்களுக்கு இந்தக் கழுதையே காணும், போதும்."

அசை எண்ணுகிறதிலும் நீ அப்படித்தான். விரலில் எண்ணத் தெரியாது என்று செபமாலையில் எண்ணினாய். பத்து மணி முடியாமல் நடுவில் நிற்க உனக்கு மனம் வராது. "அரைவாசியில விடுறது பாவம்" என்பாய். அதனால் உன் வரிகள் எல்லாம் பத்துக்கு இழுபட்டுப்போயின. சிஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "சரி, உங்கட விருப்பம்" என்று விட்டுவிட்டா. நல்ல பிள்ளை அவ.

அதற்கு அடுத்த புதன் நீ எனக்குப் பதில் கொண்டுவந்தாய். என்னைப் பார்க்காமல், சுவரில் இருக்கிற மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு வாசித்தாய்:

துக்கச் சேலைக்காரி
யன்னல் சீலைக்குள்ளால் பார்த்தாள்:
பெட்டைக்கு என்ன வடிவு!

அப்போ நீ பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாய். புருசனை இழந்தவள் முகத்தில் பெட்டை முழிக்கக்கூடாது, அவளுக்கு ஆகாது என்று நினைத்து, யன்னல் சீலையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே நின்றிருக்கிறாய். நான் அங்கே தட்டைக் காவல் காக்க, நீ இங்கே சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

என் கோபம் அன்றைக்குத் தீர்ந்துபோயிருக்கும் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை. இரண்டு மடங்காகியது. நான் அப்படிப்பட்டவள் என்று நீ எப்படி நினைக்கலாம்? வீட்டுக்குப் போனதும் போகாததுமாக நாள்காட்டித் தாளைக் கிழித்து எழுதினேன். புதன்கிழமை வரை பொறுக்க ஏலவில்லை. உன் கொடியில் இருந்த அந்த நீலக் கிளிப்பைக் கழற்றி, வேலியில் கொழுவிவிட்டேன்.

துக்கச் சேலையைக் கண்டு
ஓடுகிற ஆள் நான் என்று
ஆரடி உனக்குச் சொன்னது?

திட்டக்கூடாது என்ற சட்டம் அன்றைக்கு உடைந்தது. எழுத்து கதைபேச்சில் சேராது என்ற சட்டத்தை நீ போட்டாய். அதுவும் எனக்கு இல்லை, கோழிக்குத்தான் சொன்னாய்: "ஏய் கோழி, எழுதினால் கதைச்ச கணக்கில்லை, தெரியுமோ?"

அதற்குப் பிறகு என்ன கொண்டாட்டம்! காலையில் எழும்பினால் வேலிதான். நான் கொஞ்சம் உடம்பு வைத்தேன் என்று,

பெருக்கமரமும் ஒரு காலம்
குமரியாய் நின்றதுதானே.
இடுப்பை ஆர் கண்டது?

என்று எழுதினாய். பத்துப் பேர் கைகோர்த்தாலும் கட்டிப்பிடிக்க ஏலாத அந்தப் பள்ளிமுனைப் பக்கத்துப் பெருக்கமரத்தை இப்போது பஸ்ஸில் கடந்து போனாலும் எனக்குக் கோபம் வரும். நான் விட்டேனா?

சோளகம் அடங்கியது.
உன் வளவு மண் எல்லாம் என் வளவில்.
திருப்பித் தரமாட்டேன்.

இதைப் புதன்கிழமை மண்டபத்தில் வாசிக்க, சிஸ்டர் துள்ளிக் குதித்தா. "அம்மா, இதில உண்மையான பருவச் சொல் இருக்கு!" என்றா. தெரியாமல் வந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கோ என்றேன்.

உன்னுடையதில் எனக்குப் பிடித்தது நண்டுதான். இதை உனக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை.

நண்டு ஓடு கழற்றியது.
புதுச் சட்டை ஆர் கொடுத்தது?
தாய்மாமன் கடல்.

உன் மனுசனைக் கொண்டுபோன கடலுக்கு நீ தாய்மாமன் முறை கொடுத்தாய். அதை வாசித்துவிட்டு நான் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு வெளியே வந்து, "ஏய் கோழி, இண்டைக்கு நண்டுக்கறி" என்றேன். ஒரு கிண்ணம் வேலிக் கட்டையில் வைத்தேன். கிண்ணம் கழுவி வந்தது.

அந்த வருசம்தான் என் பேத்தி பெரியபிள்ளையானாள். அந்த மூத்தவளின் மகள். சடங்கு வைக்க நாள் பார்த்த உடனே எனக்கு ஒரே நினைவு: இந்த முறை நீ வரவேண்டும். வந்து முதல் தட்டைத் தூக்கவேண்டும். இது நடக்காவிட்டால் இரண்டு பேருக்கும் இனி ஒரு சடங்கு கிடையாது. இன்னொரு பேத்தி எங்களுக்கு எங்கே? இருந்து பார்க்க வயது எங்கே?

என் மூத்த மச்சாள், அந்தச் சிரிப்புக்காரி, மூக்கைச் சுருக்கினாள். "தாலி கழட்டினவளோ மச்சாள் முதல் தட்டுத் தூக்கிறது? பெட்டைக்கு ஆகாதெல்லோ?"

"நானும்தான் கழட்டிப்போட்டன். உங்கட தம்பி செத்து எவ்வளவு காலம்? அப்ப நானும் என்ர பேத்தியின்ர முகத்தில முழிக்காமல் யன்னலுக்குள்ள நிக்கட்டோ?" என்று கேட்டேன். மச்சாள் பணியாரம் சுடப் போய்விட்டாள்.

வேலியில் கொழுவினேன்:

பேத்தி பெரியபிள்ளை.
முதல் தட்டைத் தூக்க
துக்கச் சேலைதான் வரவேணும்.

பதில் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தாள் மட்டும் போய்விட்டது, நீ எடுத்துவிட்டாய். முற்றம் கூட்டுகிற சத்தம்கூட இல்லை. மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, போய் வாயால ஒருக்காக் கூப்பிடுங்கோவன். ஒரு வசனம்தானே."

"மாட்டன்."

"அவ இந்த முறையும் வராமல் விட்டால்?"

"விட்டால் விடட்டும்."

சொல்லிவிட்டேன். ஆனால் பணியாரத்துக்குச் சீனி போட்டேனா, உப்புப் போட்டேனா என்று தெரியாமல் நின்றேன். எனக்கு, ஒன்றையும் மறக்காதவளுக்கு! படலை வரை போய்த் திரும்பி வந்ததும் உண்டு. வாய் திறந்திருந்தால் உடனே வந்திருப்பாயோ என்னவோ. எனக்கு வாய் திறக்கவில்லை.

சடங்கு அன்று விடியவே வேலியைப் பார்த்தேன். தாள் ஆடிக்கொண்டிருந்தது.

தட்டைத் தூக்குவேன்.
சேலை எது என்பது என் பாடு.
கண்ணைக் கூசாமல் வைத்துக்கொள்.

நீ படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாயே, அந்த வரவை நான் எப்படி எழுதுவேன்! செம்மஞ்சள். ஊரில் எந்தக் குமரியும் கட்டத் துணியாத செம்மஞ்சள், கரையெல்லாம் சரிகை. தலையில் மல்லிகை. புருசன் போனபிறகு உன் தலையில் பூவைக் கண்டவர் இல்லை. பந்தலுக்குள் இருந்த கிழடு கட்டையெல்லாம் வாயைப் பிளந்தது. நீ ஒருவரையும் பார்க்கவில்லை. நேரே வந்து, பணியாரத் தட்டைத் தூக்கித் தோளளவு பிடித்து, முன்னுக்கு நடந்தாய். மச்சாள் இரண்டாவது தட்டோடு உனக்குப் பின்னால் வந்தாள். நான் அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். அவளுடைய அலுமாரியிலும் ஒன்று கிடக்கட்டும். பேத்தி உன்னைக் கண்டதும், "அம்மம்மா, அவ என்னைவிட வடிவு" என்று முணுமுணுத்தாள்.

அப்போதும் நாங்கள் கதைக்கவில்லை. வீடியோக்காரப் பொடியன்தான் எல்லாவற்றையும் குழப்பினான்.

"அம்மாமார் ரெண்டு பேரும் பக்கத்தில வாங்கோ. சும்மா நிக்காமல் கதைக்கிற மாதிரி நில்லுங்கோ. ஆ, அப்படித்தான், நல்லாக் கதையுங்கோ."

மகள் சிரிப்பை அடக்கமுடியாமல் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். பிறகு நீ முகத்தை மலர்த்தி, தலையை ஆட்டி ஆட்டி, "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கினாய். அரைவாசியில் நிறுத்தினாய். மற்றப் பாதி எதிரில் நிற்கிற ஆள் சொல்லவேண்டியது. சொல்லாமல் விட ஏலுமா? நானும் சிரித்துச் சிரித்து, "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று எடுத்தேன். பெரிய ஊர்க்கதை கதைக்கிற மாதிரி செபமாலையில் ஒரு பத்துமணி முழுக்கச் சொல்லி முடித்தோம். பொடியன் "சூப்பர், சூப்பர்" என்கிறான். நீ கிட்ட வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாய்.

"எடியே, நீ கிழவியாகிப் போனாயடி."

"நீ மட்டும் என்ன குமரியோ? செம்மஞ்சள் சேலையும் நீயும்!"

அவ்வளவுதான். பிறகு நிறுத்தமுடியவில்லை. ஆட்கள் சாப்பிட்டு எழும்பி, பந்தல் கழற்றி, கதிரைகள் ஏற்றிக்கொண்டு போகும்வரை நாங்கள் அந்த மூலையில் இருந்து கதைத்தோம். நீதான் முதலில் வாய் திறந்தவள். நீ ஒப்புக்கொள்ளவே இல்லை. "அது செபத்தோட சேர்ந்தது" என்றாய். வீடியோவைப் போட்டுப் பார்ப்போம் என்றால், அந்தப் பாவி முழுக்கப் பாட்டுப் போட்டு மூடியிருக்கிறான். இரண்டு வாய் அசைகிறது தெரியும், சத்தம் ஒன்றும் கேட்காது. அவனையும் நான் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குக் கவிதை குறைந்துபோனது. புதன்கிழமை வெறுங்கையோடு போய் நின்றோம். "ரெண்டு அம்மாமாரும் ஏன் இப்ப எழுதுறேல்லை?" என்று சிஸ்டர் கேட்டதற்கு நீ சொன்ன பதிலை மண்டபம் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது: "இப்ப வாய் இருக்கு சிஸ்டர்."

வாய் இருந்தது. காலைத் தேத்தண்ணியிலிருந்து மாலைச் செபம் வரை. விட்டுப்போன வருசங்களின் கதையெல்லாம் இருந்ததே. முகாமில் பக்கத்துக் குடிலில் நான் என்ன சமைத்தேன் என்று மணத்தை வைத்துக் கண்டுபிடிப்பாயாம். நான் என்ன, உன் இருமலை வைத்து நீ நித்திரையா முழிப்பா என்று கண்டுபிடிப்பேன்.

இந்த வருசம் பாஸ்குத் திருநாள் முடிந்து, ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டுப் பாயில் சரிந்த நீ பிறகு எழும்பவில்லை. நான் இரவுக்கு விளைமீன் குழம்பு கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தேனே! வாறன் என்று ஒரு சொல், போறன் என்று ஒரு சொல் வேண்டாமா? சட்டியோடு உன் வாசலில் நின்றேன். உன் முகத்தில் சிரிப்பு இருந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருந்திருக்கும். எனக்குச் சொல்லாமல் போக முடிந்ததே என்ற சிரிப்பு.

செத்தவீடு முடிந்து கனநாள் எனக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு காலை, முகம் கழுவிக்கொண்டு நிற்கும்போது, மூன்று வரி தானாக வந்து நின்றது. எனக்கு ஒரே ஆச்சரியம். யோசித்துப் பார்த்தேன். கதை நின்றபோதுதானே எங்களுக்குக் கவிதை வந்தது? இப்போது திரும்பக் கதை நின்றிருக்கிறது. வராமல் என்ன செய்யும்? நாள்காட்டி மெலிந்துகொண்டு போகிறது, உனக்குத் தெரியுமா? கிழமைக்கு இரண்டு, மூன்று தாள் கிழிகிறது. எழுதி முடித்துவிட்டு நானே சிரிக்கிறேன். பேத்தி எட்டிப் பார்த்து, "திரும்பத் தொடங்கிட்டா" என்கிறாள்.

போன புதன் மண்டபத்தில் எழும்பி வாசித்தேன்:

உன் வேம்பு பழுத்திருக்கு.
குயில் எல்லாம் வாய் ஓயாமல் கதைக்குது.
நான் கதைக்கமாட்டேன்.

சம்மாட்டிக் கிழவர் கை தட்டினார். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தா.

"என்னம்மா, இன்னும் அவவோட கோபமோ?"

"ஓம் சிஸ்டர். ஆனால் பழசு இல்லை, இது புதுசு. இப்பதான் பிஞ்சு பிடிச்சிருக்கு. முத்திப் பழுக்க இன்னும் கனகாலம் கிடக்கு."